செப்பேட்டில் இல்லாத பெயர்

முல்லைப் பெரியாற்று நீரால் நெல் விளையும் சின்னமனூருக்கு வரலாற்றிலே தனியிடம் உண்டு. 10-ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் இராசசிம்மனின் செப்பேடு இவ்வூரிலேதான் கிடைத்தது. மன்னர் மரபும், போர் வெற்றியும், மதுரையிலே சங்கம் வைத்த பெருமையும், அந்தணருக்கு நிலம் ஈந்த செய்தியும் அதிலே உள்ளன. ஆனால், அம்மன்னன் பிறந்தபோது அவனை ஏந்திய கை எவளுடையது? செப்பேடு சொல்லவில்லை. அத்தகையோர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் நாட்டிலே இருந்ததில்லை.

நம் ஊர்களிலே தலைமுறை தலைமுறையாகப் பேறு பார்த்தவள் மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண். நள்ளிரவில் அழைத்தாலும் வந்தாள்; குருதியும் கழிவும் பாராது தாயையும் சேயையும் காத்தாள். அவளுக்குக் கிடைத்ததோ சிறிது நெல்லும் பழந்துணியும்! அவள் தொட்டதால் பிள்ளை பிழைத்தது. பிழைத்த பின்னரோ அவள் தொட்டால் தீட்டு என்றனர். நோயாளியைத் தொடும் தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் இங்கே வேர்விட்டதுதான்.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே இழிவு இருந்தது. செல்வக் குடியிலே பிறந்த பிளாரன்சு நைட்டிங்கேல், பெற்றோர் தடுத்தும் கேளாது அத்தொழிலை ஏற்றார். 1860-இல் இலண்டன் செயின்ட் தாமசு மருத்துவமனையிலே பயிற்சிப் பள்ளி கண்டார். தமிழகமும் பிந்திவிடவில்லை. 1871-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையிலே நான்கு பெண்களுடன் பேறுகாலப் பயிற்சி தொடங்கிற்று. வேலூரிலே ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி நிறுவினார். 1946-இல் அங்கே பட்டப் படிப்பும் வந்தது.

பள்ளிகள் வந்தன, பெண்கள் போதிய அளவில் வந்தனரா? 1946-இல் அறிக்கை தந்த போர் குழு, இந்தியாவிலே 43,000 மக்களுக்கு ஒரு செவிலி என்று கணக்கிட்டது. நாட்டிலே பெண்களுக்கா பஞ்சம்? அயலான் உடலைத் தொடுவதா, இரவிலே வெளியே செல்வதா என்று மேல்சாதிக் குடும்பங்கள் கதவை அடைத்தன. கிறித்துவப் பெண்களும் ஏழைப் பெண்களுமே பெரும்பாலும் அச்சுமையைத் தாங்கினர். பற்றாக்குறைக்கு வித்திட்டது தீட்டு!

அந்த வித்து இன்றும் அழியவில்லை. 2015-இல் தமிழக அரசு, தேர்வெழுதி வென்ற செவிலியரைத் திங்களுக்கு 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்திலே அமர்த்திற்று. பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையிலே போராட நேர்ந்தது. 2020-இல் கொள்ளைநோய் வந்தபோது நாம் வாசலிலே நின்று கைதட்டினோம். ஆனால், இரவுப் பணிக்குச் செல்லும் பெண் என்று கேட்டதும் முகம் சுளிக்கும் மாப்பிள்ளை வீட்டார் இன்றும் உளர். மதிப்பும் ஊதியமும் தேடி வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் செவிலியர் செல்வதிலே வியப்பென்ன?

சங்கப் பாடல்களிலே செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். மகளைக் குறித்து நற்றாயும் அவளிடமே கேட்டறிவாள். அப்பெயரைத்தான் மருத்துவமனைப் பெண்ணுக்குச் சூட்டியுள்ளோம். பெயரைத் தந்த நாம், பெருமையை ஏன் தர மறந்தோம்?

நன்றி அறியாத பள்ளத்தாக்கன்று இது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்துத் தந்த வெள்ளையர் பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி, ஆண்டுதோறும் அவருக்குப் பொங்கல் வைக்கும் மக்கள் இவர்கள். தண்ணீர் தந்தவரைப் போற்றும் நெஞ்சம், உயிரைக் காக்கும் பெண்ணையும் போற்றட்டும். நிரந்தரப் பணியும் நேர்மையான ஊதியமும் அரசின் கடமை. மரியாதையான சொல்லும், மருமகளாக மகிழ்ந்தேற்கும் மனமும் நம் கடமை. இவை இரண்டும் கூடினால், எங்கள் மகளும் செவிலியாகட்டும் என்று பெற்றோரே முன்வருவர். பற்றாக்குறை தீரும் வழி அதுதான்.