கையில் கோல், மடியில் காசு

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1926-இல் பவுல் ஸாகர் என்ற இசை நடத்துநர் ஒரு சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா (சிறு இசைக்குழு) தொடங்கியபோது அவருக்கு வயது 20. பெரிய சிம்பொனிக் குழுக்கள் வாசித்து வாசித்துத் தேய்த்த 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு அவருக்கு வேண்டாம். மொட்ஸார்ட்டும் அவருக்கு முந்தைய பழசும் ஒரு பக்கம், உயிரோடிருப்பவர்களின் புதுசு மறுபக்கம்.

புதுசு கடையில் கிடைக்குமா? காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டும். 1934-இல் ஸாகர் மாயா ஹோஃப்மானை மணந்தார். ரோஷ் மருந்து நிறுவனக் குடும்பத்தின் விதவை மருமகள் அவர். (பிற்பாடு வாலியம் மாத்திரை விற்ற அதே ரோஷ்தான்.) காசுக் கவலை தீர்ந்தது.

குழுவின் பத்தாம் ஆண்டுக்காக ஹங்கேரி இசையமைப்பாளர் பேலா பார்டோக்கிடம் ஒரு படைப்பு கேட்டார். தந்திக் கருவிகளுக்கும் தாளக் கருவிகளுக்கும் மணியோசை தரும் செலஸ்டாவுக்குமாக எழுதப்பட்ட அந்த இசை 1937 ஜனவரி 21 அன்று பாசெலில் அரங்கேறியது. தந்திக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இடமும் வலமும் உட்கார, நடுவில் பியானோ, ஹார்ப், டிரம், செலஸ்டா. லாவணி போல ஒரு கட்சி விட்டதை மறுகட்சி பிடித்துக்கொள்ளும். குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்தைப் பார்த்து வியர்த்தவர்கள் இதன் மூன்றாம் பகுதியைத் தெரியாமலே கேட்டிருக்கிறார்கள்.

1939 ஆகஸ்டில் ஸாகர், ஸானென் கிராமத்து மலைவீட்டைப் பார்டோக்குக்கு ஒழித்துக் கொடுத்தார். பெர்ன் நகரத்திலிருந்து பியானோ வந்து இறங்கியது. பழங்காலத்து ஆஸ்தான வித்வான் போல உணர்வதாக மகனுக்குக் கடிதம் போட்ட பார்டோக், ‘டைவர்டிமென்டோ’வைப் பதினைந்தே நாளில் எழுதி முடித்தார். அடுத்த மாதம் போர் வெடித்தது. 1940 ஜூனில் குழு அதைப் பாசெலில் வாசித்தது. அதே ஆண்டு பார்டோக் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

புரவலர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. வாங்கியதை உட்கார்ந்து ஒத்திகை பார்த்து, தன் குழுவோடு தானே மேடையேற்றிய புரவலர் அபூர்வம். குழுவின் இருபதாம் ஆண்டுக்கு இசையமைப்பாளர்கள் ஸ்ட்ராவின்ஸ்கி, ஹோனெகர், மார்ட்டினு மூவருமே எழுதிக் கொடுத்தார்கள். ஹோனெகர் தம் சிம்பொனியில் பாசெல் ஊர்ப்பாட்டையே செருகிவிட்டார்.

குழு 1987 வரை இருந்தது. ஸாகருக்கு 70 நிறைந்த 1976-இல், செல்லோ மேதை ரோஸ்ட்ரோபோவிச் பன்னிரண்டு இசையமைப்பாளர்களிடம் ஆளுக்கொரு படைப்பு கேட்டார். ஸாகர் (Sacher) பெயரின் ஆறு எழுத்தும் சுரங்களாக வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்து எழுத்துக்கு ஜெர்மன் சுரப்பெயர்கள் இருந்தன. கடைசி எழுத்துக்குத்தான் இல்லை. நம் ‘ரி’யை ஒத்த ‘ரே’யை இரவல் வாங்கிப் பெயரை முடித்தார்கள்.