மூசிக் கரையில் ஐரோப்பியப் பீங்கான்

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் முக்காடிட்ட ரெபெக்கா சிலைக்கும் இசைக் கடிகாரத்துக்கும் எப்போதும் கூட்டம்தான். ஐரோப்பியப் பீங்கான் கூடத்தில் நிற்பவர்கள் குறைவு. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் பின்னால் ஒரு மண்ணைத் தேடி அலைந்த கதை இருக்கிறது.

சீனப் பீங்கானுக்காக ஐரோப்பிய அரசர்கள் கஜானாவைக் கரைத்த காலம் அது. சாக்சனி ஆட்சியாளர் அகஸ்டஸிடம் தங்கம் செய்வதாகச் சொன்ன பாட்கர் என்ற இளைஞர் சிக்கினார். காவலில் வைக்கப்பட்ட அவர், அறிஞர் சிர்ன்ஹவுஸோடு சேர்ந்து மண் வகைகளைச் சூளையில் சுட்டுப் பார்த்தார். தங்கம் வரவில்லை, 1708-ல் வெண்பீங்கான் வந்தது.

சூட்சுமம் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணில் இருந்தது. சுமார் 1,400 டிகிரி சூட்டில் அது உருக்குலையாமல் நிற்கும். கூடச் சேர்த்த கனிமம் உருகி, கண்ணாடிபோல் அதை இறுக்கிப் பிடிக்கும்.

1710-ல் சாக்சனியின் மெய்சன் நகரக் கோட்டைக்குள் பீங்கான் ஆலை வந்தது. ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதால்தான் கோட்டை! ஆனாலும் பத்தாண்டுகளுக்குள் வியன்னாவிலும் பீங்கான் சூளை எரிந்தது. 1714-ல் விடுதலையான பாட்கர், 1719-ல் 37 வயதில் இறந்தார்.

பிரான்ஸின் செவ்ர் ஆலைக்கு முதலில் அந்த மண் கிடைக்கவில்லை. கண்ணாடிக் கலவை சேர்த்து மென்பீங்கான் செய்தார்கள். 1768-ல் லிமோஜ் அருகே கயோலின் கிடைத்த பிறகுதான் கெட்டிப் பீங்கானுக்கு வழி பிறந்தது. 1788-ல் பாரிஸ் சென்ற திப்பு சுல்தானின் தூதர்களிடம் பதினாறாம் லூயி கொடுத்த பரிசுகளில் செவ்ர் பீங்கானும் உண்டு.

மெய்சனும் செவ்ரும் ஹைதராபாத்தின் மூசி ஆற்றங்கரையில் ஒரே கூரையின் கீழ் சேரக் காரணம் மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான். 1912 முதல் 1914 வரை நிஜாமின் திவானாக இருந்தவர். பதவியை விட்ட பின் வாழ்நாள் முழுவதும் கலைப்பொருள் சேர்த்தார். மணமாகாத அவர் 1949-ல் காலமானபோது நேரடி வாரிசு இல்லை. 1951 டிசம்பர் 16 அன்று அவரது திவான் தேவடி மாளிகையிலேயே நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். 1961-ல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 1968-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தது.

அடுத்த முறை ஹைதராபாத் போகும்போது, கடிகாரம் மணியடித்து முடித்ததும் பீங்கான் கூடத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.