சிறுநீரைக் காரமாக்கும் மருந்துகளின் வரலாறு
ஜோனா ஸ்டீபன்ஸ் என்ற பெண்மணியின் கல்லடைப்பு மருந்தின் இரகசியத்தை வெளியிடுவதற்காகப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1739-இல் 5,000 பவுண்டு ஒதுக்கியது. மயக்கமருந்து இல்லாத அக்காலத்தில், சிறுநீர்ப்பைக் கல்லைக் கத்தியின்றி நீக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இருந்த விலை அது. வெளிவந்த செய்முறையில் இருந்தவை சுட்ட முட்டையோடு, ஓட்டுடன் சுட்ட நத்தை, சோப்பு, சில மூலிகைகள். நகைப்புக்குரிய பட்டியல்தான், ஆயினும் சுட்ட ஓட்டின் சுண்ணாம்பும் சோப்பும் காரப் பொருள்களே.

1776-இல் கார்ல் ஷீலே சிறுநீர்ப்பைக் கற்களில் யூரிக் அமிலத்தைக் கண்டறிந்தார். யூரிக் அமிலக் கற்கள் காரத்தன்மையுள்ள சிறுநீரில் கரையக்கூடியவை. கால்சியம் ஆக்சலேட்டுக் கற்கள் அவ்வாறு கரைவதில்லை. ஒரே மருந்து எல்லாக் கற்களுக்கும் பயன்படாததற்கு இதுவே காரணம்.

தற்போது பொட்டாசியம் சிட்ரேட்டு, சோடியம் பைகார்பனேட்டு ஆகியவை இதற்குத் தரப்படுகின்றன. காரத்தன்மை அளவு மீறினால் கால்சியம் பாஸ்பேட்டுக் கற்கள் உருவாகலாம் என்பதால், சிறுநீரின் பி.எச். அளவைச் சோதித்தே மருந்தளவு முடிவு செய்யப்படுகிறது.