வட்டத்தொட்டி

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. என்னும் டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (1882–1954) வீட்டு நடுமுற்றமான தொட்டிக்கட்டில் 1920களில் தொடங்கிய இலக்கியக் கூட்டம். ஞாயிறு மாலைகளில் நடந்தது. தலைவர், செயலாளர், சந்தா, தீர்மானம் எதுவும் இல்லை. வக்கீல்கள், ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள், கல்லூரி மாணவர்கள் என எவரும் வந்து உட்காரலாம்.

கட்டுரை வாசிக்கும் பழக்கம் இங்கே கிடையாது. டி.கே.சி. ஒரு பாடலை எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாடிக் காட்டுவார். அதன் பாவமும் தாளமும் பிடிபட்ட பிறகே பேச்சு பொருளுக்குப் போகும். பெரும்பொழுது கம்பனுக்கு. முத்தொள்ளாயிரமும் நாட்டுப்பாடல்களும்கூட அதே மரியாதையோடு பேசப்பட்டன. அக்காலப் புலவர் வகுப்புகளில் எளிதில் காண முடியாத துணிவு இது.

பின்னாளில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேறியபோது கூட்டமும் உடன் போனது. சாரல் காலத்தில் விருந்தினர் நாள்கணக்கில் தங்கினர். அருவிக் குளியல், இலைச் சாப்பாடு, கவிதை என்று பொழுது போகும். பந்தியில் தொடங்கிய பேச்சு கை கழுவிய பின்னும் தொடரும். ராஜாஜி, கல்கி, தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பின்னாளில் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கிய நீதிபதி எஸ். மகாராஜன் ஆகியோர் இவ்வட்டத்தினர்.

எதிர்ப்பும் உண்டு. தம் கம்பராமாயணப் பதிப்பில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று டி.கே.சி. ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். சுவடி ஆதாரமின்றித் தம் செவியை மட்டும் நம்பிய இந்தப் பதிப்பு முறையைப் புலவர்கள் கடுமையாகக் கண்டித்தனர். அந்தக் கண்டனம் நியாயமானதே. ஆனாலும், பாட்டை வாய்விட்டுப் படித்துச் சுவைக்கும் பழக்கத்தைப் பலரிடம் உண்டாக்கியதில் வட்டத்தொட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.