பேய்க்கு முந்தைய கதை

காரைக்காலில் பேய்க்குக் கோயில் உண்டு. ஆனி மாதம் மாடியிலிருந்து மாங்கனி இறைக்கிறார்கள், கூட்டம் முண்டியடிக்கிறது. தன்னைப் 'பேய்' என்றே சொல்லிக்கொண்ட ஒருத்தியை நாயன்மார் வரிசையில் உட்காரவைத்த இதே தமிழ்ச் சமூகந்தான், 'காதுல யாரோ பேசுறாங்க' என்று சொன்ன மற்றவர்களைத் தர்காவுக்கும் கோயிலுக்கும் இழுத்துப்போய்க் கட்டிப்போட்டது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். அம்மையாருக்கு மனநோய்ச் சீட்டு எழுதுவது என் வேலையல்ல. எழுதுகிறவர்கள் மீது எனக்கு மரியாதையும் இல்லை. என் கேள்வி வேறு. பேயோட்டுகிறவன் 'நீ யாரு?' என்கிறான். மருத்துவர் 'எத்தனை நாளா தூக்கமில்ல?' என்கிறார். 'சின்னப் புள்ளையில உனக்கு என்ன நடந்துச்சு?' என்ற கேள்வி இரண்டு சொல்லாடல்களிலும் இடமற்றுப்போனது எப்படி?

கேட்டவரே பின்வாங்கிய வரலாறு ஒன்றுண்டு. ஹிஸ்டீரியாவின் வேர் குழந்தைப் பருவப் பாலியல் வன்முறை என்று 1896இல் சொன்ன ஃப்ராய்ட், மறுவருடமே அதைக் கைவிட்டு, ஆசை, கற்பனை என்ற திசையில் நகர்ந்தார். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் வழியாகக் கேள்வி திரும்ப வந்தபோது, அது 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்று பெண்ணின் தலையில் விழுந்தது. அப்புறம் மூளை, மரபணு. குடும்பத்தை யாரும் தொடவேண்டாமென்று ஆயிற்று.

2012இல் வரேஸே குழுவினர் 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிறுவயதில் துன்புற்றவர்களிடம் சைக்கோசிஸுக்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 2.8 மடங்கு. பாலியல் வன்முறை, அடி, மனவதை, கவனிப்பாரின்மை, சகபிள்ளைகளின் கொடுமை எல்லாவற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. பெற்றோரின் மரணத்துக்கு மட்டும் அது உறுதிப்படவில்லை. துன்புற்ற பிள்ளைகளில் மிகப்பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை என்பதையும், குரல் கேட்பவரெல்லாம் நோயாளியல்ல என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மரணம் பற்றிய அந்த விதிவிலக்குதான் என்னைக் காரைக்காலுக்குக் கொண்டுவருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் மாண்ட சுமார் அறுநூறு பேரில் பெரும்பகுதி காரைக்கால் கடற்கரைக்காரர்கள். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு என்று குப்பம் குப்பமாகப் போச்சு. பிணங்களை எண்ணினார்கள், படகுகளை எண்ணினார்கள், பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் எண்ணினார்கள். எண்ண வேண்டியதுதான். ஆனால் அலைக்கு முந்தியும் பிந்தியும் வீட்டுக்குள் நடந்ததற்குப் பட்டியல் கிடையாது. அலை ஒருநாள் வந்தது. குடித்துவிட்டு வருகிற அப்பன் தினமும் வருகிறான்.

இதில் எல்லைக்கோட்டுக்குப் பங்குண்டு. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது, கோட்டுக்கு இந்தப்பக்கம் கடை திறந்திருந்தது. பிரெஞ்சுக்காரன் போனான், கோடு போகவில்லை. அதன்மேல் கலால் வருமானம் வளர்ந்தது. வாஞ்சூரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே கடைகள். மலிவுக்காக நாகூர்ப் பக்கமிருந்து ஆட்கள் நடந்தே வருகிறார்கள். சாராயம் பைத்தியமாக்கும் என்ற பிரச்சாரத்தை நான் சொல்லவரவில்லை. அந்தப் பிரச்சாரம் எப்போதும் குடிக்கிற மீனவனையும் தலித்தையும்தான் ஏசும். ஏலம் விட்ட அரசை ஏசாது. நான் கேட்பது ஏலத்தொகையின் மறுபக்கம்: அம்மா அடிபடுவதைப் பாயில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கிடந்த பிள்ளை.

அந்தப் பிள்ளை இருபது வயதில் 'சுவத்துக்குள்ள யாரோ திட்டுறாங்க' என்று சொல்லும்போது நாம் எலுமிச்சம்பழம் வாங்கப் போகிறோம், அல்லது மாத்திரை வாங்கப் போகிறோம். மாத்திரை வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையில்லை, பலரை அது எழுந்து நடக்கவைத்திருக்கிறது. ஆனால் திட்டுகிற அந்தக் குரல் யாருடைய குரல் மாதிரி இருக்கு என்று அவளிடம் யாராவது கேட்டார்களா?