புகை கீழே போகுமா? அடுப்புக்குள் சிம்னி வைத்த கதை

1686-ல் பாரிஸ் நகரத்து செயிண்ட் ஜெர்மைன் சந்தையில் ஒரு வித்தை காட்டினார்கள். ஆந்த்ரே தலெம் என்ற பொறியாளர் செய்த இரும்பு அடுப்பு அது. கூடத்தின் நடுவில் நின்றது, மேலே கூண்டு கிடையாது, எரிந்தும் புகை வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டியின் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' இதழில் அதே ஆண்டு இதைப் பற்றி ஒரு குறிப்பு வந்தது. அந்தக் குறிப்பில் இருக்கும் சோதனைதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. பூனை மூத்திரத்தில் ஊறவைத்த கரியை அந்த அடுப்பில் போட்டிருக்கிறார்கள். வெளியே எடுத்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். அடுப்புக்குள் இருக்கும்வரை நின்று பார்த்தவர்கள் மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை.

எப்படி? ஆங்கில 'யு' எழுத்து மாதிரி வளைந்த ஒரு குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை குட்டை, ஒரு கை நெட்டை. குட்டைக் கையின் வாயில் நெருப்பு. நெட்டைக் கைதான் புகைபோக்கி. முதலில் நெட்டைக் கையைச் சூடாக்க வேண்டும். சூடான காற்று அதில் ஏற ஆரம்பித்ததும், அது காலி செய்த இடத்தை நிரப்பக் குட்டைக் கை வழியாகக் காற்று கீழே இறங்கும். அது கூடவே தீயையும் புகையையும் கீழே இழுத்துப் போகும். புகை, எரிகிற கரியின் ஊடாகவே போவதால் பெரும்பகுதி அங்கேயே எரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி). 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 200 டிகிரியில் 0.75 கிலோ. 3 மீட்டர் உயரமுள்ள குழாயில் இந்த வித்தியாசம் தரும் இழுவை சுமார் 13 பாஸ்கல். ஒன்றரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்கூட இல்லை. இத்தனூண்டு பலத்தை நம்பித்தான் அந்த வித்தை மொத்தமும் நின்றது. குழாய் ஆறிப்போனால் ஆட்டம் முடிந்தது, புகை வீட்டுக்குள்.

ஒரு சமையலறைக்கு அடுப்பு வாங்கப் போனவன் இந்தச் சந்தைக்கு எப்படி வந்தான் என்று கேட்கலாம். எங்கள் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டுகிறோம். கடையில் நடுவில் உறிஞ்சும் துளை வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றைக் காட்டினார்கள். தலைக்கு மேல் சிம்னியே வேண்டாமாம். ஆவி, புகை எல்லாம் கீழே இழுக்கப்பட்டுவிடுமாம். "லேட்டஸ்ட் ஜெர்மன் டெக்னாலஜி சார்" என்றார் விற்பனையாளர். என் மனைவி ஒரே கேள்விதான் கேட்டாள்: "புகை மேலதானேங்க போகும்? இது ஏன் கீழ இழுக்குது?" அவர் சிரித்துவிட்டு ஈஎம்ஐ பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தேன்.

தலெமுக்குப் பிறகு இந்த யோசனையைக் கையில் எடுத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1742-ல் அவர் வடிவமைத்த பென்சில்வேனியக் கணப்பில், புகை ஒரு இரும்புப் பெட்டியின் மேல் ஏறி, பின்பக்கமாகக் கீழே இறங்கி, தரைக்கடியில் போய், அப்புறம்தான் சுவரிலுள்ள புகைபோக்கிக்குள் ஏறும். புகையில் இருக்கும் சூட்டை வெளியே விடுவதற்கு முன் உறிஞ்சிக்கொள்வது நோக்கம். 1744-ல் இதற்கென்றே ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, பெரிய மனசு. ஆனால் சூட்டை உறிஞ்சினால் குழாய் ஆறும், ஆறினால் இழுவை போகும். தலெமின் அடுப்பில் இருந்த அதே சிக்கல். பின்னால் வந்தவர்கள் கீழே இறங்கும் பாதையை எடுத்துவிட்டு நேராகக் குழாய் வைத்தார்கள். 'ஃபிராங்க்ளின் ஸ்டவ்' என்ற பெயரில் பிற்காலத்தில் விற்றவற்றில் பெரும்பாலும் ஃபிராங்க்ளினின் முக்கியமான யோசனையே இருக்காது. மனுஷன் விடவில்லை. 1771-ல் நிலக்கரிக்கு ஒரு அடுப்பு, புகை கரியின் ஊடாகக் கீழே இறங்கும்படி. அதை விவரித்து 1785-ல் எழுதியபோது தலெமையும் குறிப்பிடுகிறார்.

இதுவெல்லாம் குளிர்காயும் அடுப்பு. சமையல் அடுப்பில் புகையைப் படுக்கைவசமாக ஓட்டுவது ஆசியாவில் மிகப் பழைய பழக்கம். கொரியாவின் ஒண்டோல் வீடுகளில் சமையல் அடுப்பின் புகை பக்கத்து அறையின் கல்தளத்துக்கு அடியில் ஓடி, மறுகோடியில் உள்ள புகைபோக்கியில் வெளியேறும். அதற்காகவே சமையலறைத் தரையைத் தாழ்வாகக் கட்டினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர் கொடியடுப்பே பாதி வழி வந்த ஒன்றுதான். முதல் குழியில் எரியும் விறகின் அனலும் புகையும் ஒரு சின்னச் சுரங்கம் வழியாகப் பக்கத்துக் குழிக்குப் போகும். அங்கே சாதம் வடித்த பானையோ ரசமோ சூடாறாமல் இருக்கும். புகையை நகர்த்தத் தெரிந்திருந்தது. அந்தச் சுரங்கத்தின் கடைசியில் ஒரு குழாயை நட்டுக் கூரைக்கு வெளியே நீட்டவில்லை, அவ்வளவுதான்.

நட்டவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் வந்தார்கள். காந்தி தொடங்கி, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம், வார்தாவின் மகன்வாடியில் இருந்து 1947-ல் 'மகன் அடுப்பு' என்ற புகைபோக்கி வைத்த மண் அடுப்பைக் கொண்டுவந்தது. அடுத்து ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் எஸ்.பி.ராஜு. அவருடைய 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்' 1953-ல் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்ட புத்தகம். கோடிக்கணக்கான பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் ஒரு மண் குழாயால் காப்பாற்ற முடியும் என்பது அவர் வாதம். இன்றைய சொல்லில், காற்றோட்டம் உள்ளேயே பொருத்திய அடுப்பு இதுதான். விலைதான் வேற.

1983-ல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் இந்த வழியில் வந்ததுதான். நாற்பது தாண்டியவர்களுக்கு 'புகையில்லா அடுப்பு' என்ற சுவர் விளம்பரம் ஞாபகம் இருக்கலாம். 2002-ல் திட்டத்தை நிறுத்தும்வரை சுமார் 3.5 கோடி அடுப்புகள் வைத்ததாகக் கணக்கு. வைத்தது சரி, என்ன ஆச்சு? ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைக் கிராம விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் கொடுத்தபோது, ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் அந்த வீடுகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் வருஷம் சமைப்பவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. அதற்கப்புறம் அந்தப் பலன் காணாமல் போனது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை. விரிசல் விட்ட மண்ணைப் பூச வேண்டும், குழாயில் சேரும் கரியைச் சுரண்ட வேண்டும். அதற்கு யாருக்கு நேரம் இருந்தது? இதைப் படித்தபோதுதான் கடையில் யாரும் பேசாத விஷயம் பிடிபட்டது: புகையை எங்கே பிடிக்கிறோம் என்பதைவிட, பிடித்த பிறகு அது எந்த வழியாகப் போகிறது, அந்த வழியை யார் சுத்தமாக வைப்பது என்பதுதான் கேள்வி. வீட்டுக்குள் விறகும் சாணமும் கரியும் எரித்துச் சமைப்பதால் வரும் காற்று மாசினால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடைத்துப்போன குழாய் சின்ன விஷயம் இல்லை.

இனி அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே பிரச்சினை விறகுப் புகை இல்லை, சுவர். 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை, கூடத்தில் இருந்து பிரித்த சின்ன அறை. வாசனையும் ஆவியும் அதற்குள் அடங்கும். உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகள் அந்தச் சுவரை எடுத்துவிட்டன. அடுப்பு அறையின் நடுவிலுள்ள மேடைக்கு நகர்ந்தது. அங்கே மேலே ஒரு பெரிய தகரக் கூண்டைத் தொங்கவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. இண்டியானாபோலிஸில் காற்றோட்டக் கருவிகள் செய்துகொண்டிருந்த லூயி ஜென் என்பவர், 1961-ல் உறிஞ்சும் விசிறியை அடுப்புக்குள்ளேயே வைத்தார். ஜென்-ஏர் என்ற பெயர் அவருடையதுதான். வீட்டுக்குள்ளேயே இறைச்சி சுட்டுத் தின்னும் ஆசை அதை நன்றாக விற்றுக் கொடுத்தது.

தலெமுக்கும் ஜென்னுக்கும் நடுவில் ஒரு அடிப்படை வித்தியாசம். தலெமுடைய அடுப்பில் சூடான குழாயே இழுத்தது. ஜென்னுடையதில் மின்சாரம் இழுக்கிறது. தானாக மேலே போவதை மல்லுக்கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். கேஸ் அடுப்பாக இருந்தால் தீயும் சேர்ந்து சாயும். ஜெர்மனியில், பவேரியாவின் ரவுப்லிங்கில், தச்சு வேலையில் தேர்ந்து சமையலறைகள் அமைத்துக் கொடுத்துவந்த வில்லி புரூக்பௌவர் 2007-ல் தொடங்கிய போரா நிறுவனம் இதை மறுபடி ஃபேஷன் ஆக்கியது. ஏட்ரியாடிக் கடற்கரையில் மலையிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்றின் பெயர் போரா. இந்தப் பெயருக்காகவே நூறு மார்க் போடலாம். அவர்கள் சொல்லும் கணக்கு: சமையல் ஆவி வினாடிக்கு அதிகபட்சம் 1 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது, நாங்கள் 4 மீட்டர் வேகத்தில் குறுக்கே இழுக்கிறோம்.

கணக்கு சரிதான், துளைக்குப் பக்கத்தில். உறிஞ்சும் காற்றின் வேகம் துளையை விட்டு விலக விலகச் சடசடவென்று சரியும். வாயால் ஊதி ஒரு அடி தூரத்து மெழுகுவர்த்தியை அணைக்கலாம். உறிஞ்சி அணைத்துப் பாருங்கள், தெரியும். தோசைக்கல்லும் வாணலியும் மேடைக்கு ஒட்டியே இருப்பவை, அவற்றின் ஆவி அகப்படும். ஐந்தடுக்கு இட்லிக் குண்டானின் மூடியிடுக்கில் இருந்து வரும் ஆவி, துளைக்கு ஒரு அடி மேலே ஆரம்பிக்கிறது. குக்கர் விசிலும் அப்படியே. அது கிளம்பும்போதே கைநழுவிப் போச்சு.

மேலே வைக்கும் சிம்னி மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிரெட் சிங்கர் குழு, வீடுகளில் ஏற்கெனவே பொருத்தியிருந்த 15 உறிஞ்சிகளை அளந்து 2012-ல் வெளியிட்டது. 10 கருவிகளின் உண்மையான காற்றோட்டம், கையேட்டில் போட்டிருந்த அளவில் 70 சதவீதமோ அதற்கும் கீழோதான். முன் பர்னரைவிடப் பின் பர்னரில் வைத்துச் சமைத்தால் புகை நன்றாகப் பிடிபட்டது. பின்பக்கம் பொருத்திய கீழிழுப்பு வகையில் இந்த வித்தியாசம் இன்னும் அதிகம். அதாவது மிளகாய் தாளிக்கும்போது பின் பர்னருக்கு மாறினாலே, காசு செலவில்லாமல் பாதிக் கமறல் குறைய வாய்ப்பு இருக்கு. இதை எந்தக் கடையிலும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, இங்கே 'டக்ட்லெஸ்' என்று விற்கும் வகை. உறிஞ்சிய காற்றைக் கரி ஃபில்டர் வழியாக விட்டு மறுபடி அதே அறைக்குள் அனுப்பும். வாசனையில் ஒரு பகுதியைக் கரி பிடிக்கும். ஈரத்தைப் பிடிக்காது. கேஸ் அடுப்பில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. சிம்னி என்ற சொல் லத்தீன் 'காமினுஸ்' வழியாக, உலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வருகிறது. பிரெஞ்சில் புகைபோக்கியானது, நம் ஊரில் விளக்குக் கண்ணாடி ஆனது, இப்போது புகையை எங்கேயும் போக்காத ஒரு பெட்டிக்கும் அதே பெயர்.

எங்கள் வீட்டில் அடுப்பு மேடை வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு துளை போட்டால் ஒன்றரை மீட்டர் குழாயில் வேலை முடியும். கீழிழுப்பு வகை வாங்கினால், கேபினெட்டுக்குள் இறங்கி, இரண்டு வளைவு திரும்பி, தரையோரமாக ஓட வேண்டும். ஒவ்வொரு வளைவும் இழுவையைத் தின்னும், அங்கே எண்ணெய்ப் பிசுக்கும் சேரும், அதைக் குனிந்து சுத்தம் பண்ணப்போவது நானோ என் மனைவியோ. ஆகவே சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு, மேலே சுவரோடு சேர்ந்த சிம்னி, நேர்க்குழாய். உறிஞ்சுவதற்கு ஈடாக வேறு வழியில் காற்று உள்ளே வர வேண்டும் என்பதால் சமைக்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வைப்பது என்றும் முடிவு. (அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்பு விதிகளில், நிமிஷத்துக்கு 400 கன அடிக்கு மேல் உறிஞ்சும் கருவி வைத்தால், சில வகை வீடுகளில் ஈடுசெய்யும் காற்றுக்கு வழி செய்தாக வேண்டும்.)

கூடத்தின் நடுவில்தான் அடுப்பு என்று கட்டிவிட்டவர்களுக்குக் கீழிழுப்பு வகை நல்ல தீர்வு. அப்போதும் வெளியே குழாய் போகிற வகையையே கேளுங்கள். குழாய் எங்கே முடிகிறது, எத்தனை வளைவு, பிசுக்குத் தட்டைக் கழற்ற எத்தனை திருகு என்று விற்பனையாளரிடம் தாளில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். எனக்கு வரைந்து கொடுத்த படத்தில் குழாய் பக்கத்து ஃப்ளாட்டின் பால்கனிக்குள் போய் முடிந்தது.