டிஸ்னி வேர்ல்ட் ட்ரிப்: எத்தனை நாள் தங்கணும்? சாப்பாட்டுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்? முழு விவரம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும் சரி, லீவுக்குக் குடும்பத்தோடு டூர் கிளம்புகிறவர்களும் சரி, வீட்டில் குழந்தை இருந்தால் பட்டியலில் வந்துவிடும் பெயர் ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோ அருகே இருக்கும் 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்'. விமான டிக்கெட், ஓட்டல் வாடகை, பார்க் நுழைவுக் கட்டணம் என மூன்றையும் பலர் முன்கூட்டியே கணக்குப் போட்டு விடுகிறார்கள். விட்டுப்போவது சாப்பாடு. ஊர் திரும்பியபின் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்தால்தான் அது தெரியும். இந்தச் செலவைப் பெருமளவு முடிவு செய்வது ஒரே ஒரு எண்: எத்தனை இரவு தங்குகிறீர்கள்?

அது ஒரு பார்க் இல்லை, நாலு பார்க்

1971 அக்டோபர் 1-ம் தேதி திறக்கப்பட்ட இந்த இடத்தின் பரப்பு சுமார் 25,000 ஏக்கர். முதலில் இருந்தது கோட்டை இருக்கும் மேஜிக் கிங்டம் மட்டும்தான். 1982-ல் எப்காட், 1989-ல் இப்போது ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்று அழைக்கப்படும் பார்க், 1998-ல் அனிமல் கிங்டம் சேர்ந்தன. இவை போக இரண்டு வாட்டர் பார்க். கடைகளும் ஓட்டல்களும் நிறைந்த டிஸ்னி ஸ்பிரிங்ஸ் தனி. அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் பஸ், மோனோரயில் அல்லது படகுதான். கட்டணம் இல்லை, ஆனால் நேரம் போகும். ஒரு பார்க்குக்கு ஒரு நாள் என்று வைத்தாலே 4 நாள் வந்துவிடும். வெறும் 2 நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மேஜிக் கிங்டமும் இன்னொரு பார்க்கும் போதும். நாலையும் தொட்டுவிட்டு வரலாம் என்று ஓடினால் பார்த்ததெல்லாம் க்யூவாகத்தான் இருக்கும்.

முதல் நாள் டிக்கெட் வேண்டாம்

சென்னையிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. நேர வித்தியாசம் கோடையில் 9.30 மணி நேரம், குளிர்காலத்தில் 10.30 மணி நேரம். இறங்கிய அன்றே பார்க்குக்குள் போனால், அங்கே மதியம் ஆகும்போது நம்ம ஊரில் நடுராத்திரி. தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, 150 டாலர் டிக்கெட்டை வீணடிப்பதற்குப் பதில் அன்று டிஸ்னி ஸ்பிரிங்ஸில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படுப்பது நல்லது. டிஸ்னி ஓட்டல்களில் தங்குகிறவர்களுக்கு, வந்து சேரும் நாளில் வாட்டர் பார்க் இலவசம் என்ற சலுகை 2025-ல் கொடுக்கப்பட்டது. உங்கள் பயணத் தேதிக்கும் அது உண்டா என்று புக்கிங்கின்போதே பார்த்துக்கொள்ளவும்.

இன்னொரு வசதி, 4 நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த 4 நாளில் பயன்படுத்த வேண்டும் என்று இல்லை. 7 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். 5 நாள் டிக்கெட் என்றால் 8 நாள். நடுவில் ஒரு நாள் ஓட்டல் நீச்சல் குளத்தோடு ஓய்வு எடுக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு இந்த ஓய்வு நாள் அவசியம். வெயிலும் புழுக்கமும் நம்ம சென்னையைப் போலத்தான், அதோடு மதியமானால் இடி மழையும் சேர்ந்துகொள்ளும்.

'இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கலாமே'

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். 2025-ல் ஒரு நாள் டிக்கெட் குறைந்தபட்சம் 119 டாலர். கிறிஸ்துமஸ் சமயத்தில் மேஜிக் கிங்டமுக்கு மட்டும் 199 டாலர், வரி தனி. ஆனால் நாள் கூடக் கூட, ஒரு நாளுக்கான சராசரி விலை இறங்கும். 4 நாளைத் தாண்டிவிட்டால், கூடுதல் நாளுக்கு ஆகும் டிக்கெட் தொகை ரொம்பக் குறைவு. வெப்சைட்டில் அதைப் பார்த்ததும், 'இவ்வளவுதானே, இன்னொரு நாள் இருந்துட்டு வரலாம்' என்று கை தானாக அழுத்திவிடும்.

டிக்கெட்தான் சலுகையில் கிடைக்கிறது. அறை வாடகையிலும் சாப்பாட்டிலும் அந்தச் சலுகை இல்லை. டிஸ்னியின் குறைந்த விலை ஓட்டல்களிலேயே பெரும்பாலான நாட்களில் ஒரு இரவுக்கு 150 டாலருக்கு மேல் ஆகிறது. நாலு பேர் சாப்பாட்டுக்கு, சிக்கனமாக இருந்தாலும் 150 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று தோராயமாக வைத்தால், டிக்கெட்டைச் சேர்க்காமலே அந்த 'இன்னொரு நாள்' 27,000 ரூபாய். 6-வது நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை இந்தத் தொகையை வைத்து முடிவு செய்யணும்.

2025 மே 22-ம் தேதி பக்கத்திலேயே யுனிவர்சல் நிறுவனத்தின் 'எபிக் யுனிவர்ஸ்' பார்க் திறக்கப்பட்டதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. ஹாரி பாட்டர், சூப்பர் மரியோ ரசிகர்கள் வீட்டில் இருந்தால் அங்கே போகாமல் இருக்க முடியாது. அதற்கு டிஸ்னி டிக்கெட் செல்லாது, தனி டிக்கெட் வாங்கணும். அப்படியென்றால் டிஸ்னியில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வதுதான் சரி. மொத்தப் பயணத்தை நீட்டினால் பட்ஜெட் தாங்காது.

டைனிங் பிளான் என்றால் என்ன?

டிஸ்னி ஓட்டலில் தங்கி, அறையும் டிக்கெட்டும் சேர்ந்த பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு, சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டிவிடும் வசதி உண்டு. 2005-ல் தொடங்கிய இந்த 'டைனிங் பிளான்', கொரோனாவால் 2020-ல் நிறுத்தப்பட்டு, 2024 ஜனவரியில் திரும்ப வந்தது. இதில் இரண்டு வகை.

முதலாவது 'குயிக் சர்வீஸ்' பிளான். ஒரு இரவுக்கு ஒருவருக்கு, கவுன்டரில் வாங்கிச் சாப்பிடும் சாப்பாடு 2, நொறுக்குத்தீனி 1. 2024-ல் இதன் விலை பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83 டாலர். இரண்டாவது 'டிஸ்னி டைனிங் பிளான்'. இதில் கவுன்டர் சாப்பாடு ஒன்று, உட்கார்ந்து பரிமாறும் ஓட்டலில் ஒன்று, நொறுக்குத்தீனி ஒன்று. பெரியவருக்கு 94.28 டாலர், குழந்தைக்கு 29.69 டாலர். இரண்டிலுமே ஓட்டலில் காபி, ஜூஸ் நிரப்பிக்கொள்ள ஆளுக்கு ஒரு குவளை உண்டு. 2024-க்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது என்பதால், கீழே உள்ள கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வைக்கவும்.

இப்போது ஒரு குடும்பம். அப்பா, அம்மா, 11 வயது மகள், 7 வயது மகன். 5 இரவு. டிஸ்னி டைனிங் பிளான் எடுத்தால் ஒரு இரவுக்கு 312.53 டாலர், 5 இரவுக்கு 1,562.65 டாலர். சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

11 வயதுப் பெண் எப்படிப் பெரியவர் ஆனாள் என்று கேட்கலாம். டிஸ்னி கணக்கில் 3 முதல் 9 வயது வரைதான் குழந்தை. 10 வயது ஆகிவிட்டால் டிக்கெட்டிலும் பெரியவர், டைனிங் பிளானிலும் பெரியவர், பஃபேயிலும் பெரியவர். அந்த மகளுக்கு 9 வயதாக இருந்திருந்தால் இதே பிளானில் 322.95 டாலர் மிச்சம், அதாவது சுமார் 29,000 ரூபாய். பிள்ளையின் 10-வது பிறந்தநாள் பக்கத்தில் இருந்தால், பயணத்தை அதற்கு முன்பே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 3 வயதுக்குள் இருந்தால் டிக்கெட்டே வேண்டாம்.

பணம் கட்டியாச்சு, அப்புறமும் ஏன் செலவு?

பிளான் கணக்கு இரவை வைத்து, வயிறு பகலை வைத்து. 5 இரவு தங்கினால் காலடி வைப்பது 6 நாள். மூன்று வேளை என்றால் 18 வேளை. பிளான் கொடுப்பது 10 வேளை. போகும் நாள், வரும் நாளில் சில வேளை விமானத்தில் போய்விட்டாலும், காலை டிபன் முழுக்க உங்கள் கையில்தான். உயர்தர உணவகங்கள் சிலவற்றில் ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு வேளை கழித்துக்கொள்வார்கள். டிப்ஸ் பிளானில் சேராது. அமெரிக்காவில் பரிமாறும் ஓட்டலில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். மிச்சமாகும் வேளைகள் கிளம்பும் நாள் நள்ளிரவோடு காலாவதி. பணம் திரும்ப வராது. இன்னொரு கண்டிஷனும் உண்டு: பேக்கேஜில் இருக்கும் 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே பிளான் எடுக்கணும். 'தாத்தா பாட்டிக்கு மட்டும் வேண்டாம்' என்று சொல்ல முடியாது.

பிளான் இல்லாமல் போனால்?

கவுன்டர் கடைகளில் பெரியவர் சாப்பாடு சுமார் 16 டாலர், குழந்தைச் சாப்பாடு 9 டாலர் என்று வைப்போம். நாலு பேருக்கு இரண்டு வேளை 114 டாலர். ஆளுக்கு 6 டாலரில் நொறுக்குத்தீனி 24. இதன்மேல் 6.5 சதவீத விற்பனை வரி. மொத்தம் சுமார் 147 டாலர். இதே குடும்பத்துக்கு குயிக் சர்வீஸ் பிளான் 194.86 டாலர். 5 இரவில் வித்தியாசம் கிட்டத்தட்ட 240 டாலர், 21,000 ரூபாய்க்கு மேல்.

காரணம் எளிது. 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டோடும் பீரோ ஒயினோ வாங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் பிளான் விலை போடப்பட்டிருக்கிறது. மது தொடாத, சைவம் சாப்பிடுகிற, தண்ணீர் போதும் என்கிற குடும்பம் அந்த விலையைக் கொடுத்துவிட்டு பாதியைத்தான் சாப்பிடும். குளிர்பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். பாட்டில் வாங்கத் தேவையில்லை. காசு கொடுத்து வாங்கும்போது கவுன்டரில் யாரும் வயது கேட்பதில்லை, 11 வயது மகளுக்குக் குழந்தைச் சாப்பாடே போதும் என்றால் அதையே வாங்கலாம்.

பிளான் லாபமாகும் இடமும் இருக்கு. மிக்கி, மின்னி, இளவரசிகள் மேசைக்கே வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் 'கேரக்டர் டைனிங்' குழந்தைகளுக்குப் பெரிய விஷயம். இரவு விருந்து பெரியவருக்கு 65, குழந்தைக்கு 40 டாலர் என்று வைத்தால், மேற்சொன்ன குடும்பத்துக்கு வரி, டிப்ஸ் சேர்த்து ஒரே சாப்பாடு 290 டாலரைத் தாண்டும். சுமார் 26,000 ரூபாய்! பெரும்பாலான கேரக்டர் டைனிங்குக்கு பிளானில் ஒரு வேளைதான் கழியும். தினமும் இப்படிச் சாப்பிடப் போகிறீர்கள், 9 வயதுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் பிளான் எடுக்கலாம். 2026-ல் பெரியவர்கள் பிளான் வாங்கினால் 3 முதல் 9 வயது குழந்தைகளுக்கு பிளான் இலவசம் என்ற சலுகையும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பயணம் முழுக்க ஒரே ஒரு கேரக்டர் டைனிங் போதும் என்கிறவர்கள், பிளானை விட்டுவிட்டு அந்த 290 டாலரை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் போதும்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். முழுக்கத் தாவர உணவுகளுக்கு மெனுவில் இலைக் குறியீடு போட்டிருப்பார்கள். நம்ம நாக்குக்கு நெருக்கமானது அனிமல் கிங்டம் லாட்ஜ் ஓட்டலில் உள்ள 'சனா' உணவகம். ஆப்பிரிக்க, இந்தியச் சுவை கலந்த சமையல். நான் வகைகளோடு பல தினுசு சட்னி, ஊறுகாய் தரும் 'பிரெட் சர்வீஸ்' அங்கே பிரபலம். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். இதற்குப் பார்க் டிக்கெட் தேவையில்லை.

பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகத் தடை இல்லை என்பது பலருக்குத் தெரியாது. மதுவும் கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. சூடாக்கித் தரச் சொல்ல முடியாது. சப்பாத்தி ரோல், புளியோதரை தாராளமாகப் போகலாம். டிஸ்னி ஓட்டல் அறைகளில் சின்ன ஃப்ரிட்ஜ் இருப்பதால், சூப்பர் மார்க்கெட்டில் பால், சீரியல், பிரெட், வாழைப்பழம் வாங்கி வைத்தால் காலை டிபன் செலவு பெருமளவு குறையும். ஏழெட்டுப் பேர் போகிற கூட்டுக் குடும்பம் என்றால், பக்கத்தில் இருக்கும் கிஸிம்மியில் சமையலறையோடு வாடகை வீடுகள் கிடைக்கின்றன. டைனிங் பிளான் கிடைக்காது, ஆனால் ரசம் சாதம் கிடைக்கும்.

ஊரிலிருந்து பொடி வகைகள் கொண்டு போகிறவர்கள், விமான நிலையத்தில் உணவுப் பொருள் இருப்பதைச் சொல்லிவிடணும். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரலாம் என்பதால் தடை. ஃபுளோரிடாவோ ஆரஞ்சுக்குப் பேர்போன ஊர்!

எப்போது புக் செய்யணும்?

உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களுக்கு 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, அடுத்த 10 நாள் வரைக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். கோட்டைக்குள் இருக்கும் உணவகம் மாதிரியான இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும். திட்டம் மாறினால் ஆப்பில் முன்கூட்டியே ரத்து செய்துவிடவும். சொல்லாமல் போகாமல் இருந்தால் கார்டிலிருந்து தலைக்கு 10 டாலர் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்வார்கள். 6 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட குழு என்றால் 18 சதவீத டிப்ஸ் பில்லிலேயே சேர்ந்து வரும். அதைப் பார்க்காமல் மேலே இன்னொரு முறை டிப்ஸ் எழுதிவிட வேண்டாம்.